ஏழாம் நாள் கட்டம்

அன்று டாக்டர் மாலினியின் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பாளர் ஸ்டீபன் சார், மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர், கடைசி நாற்காலியில் நான். இல்லாதவர் ரீட்டா அக்கா. அவர் கீழே, காய்ச்சல்காரர்களுக்காகக் கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த பந்தலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிடலாம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரத்தம் எடுப்பவருக்குச் சோதனை முடிவு அட்டவணையில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

பணி அனுபவம் எழுதுவது ஓய்வுபெற்றவர்களின் வழக்கம். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஆனாலும் லேப் வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன்தான். ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் ஒன்பது வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு விலகினேன். இப்போது மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீரைச் சோதிக்கிறேன். நான் டிப்ளமோ படித்த இடத்தில் இப்போது படிக்கும் பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். அவர்கள் பயிற்சிக்குப் போகும் லேபுக்குப் புதிதாக ஒரு ஆட்டோமேட்டிக் மெஷின் வந்திருக்கிறதாம். அதை மதிப்பிடும் வேலை அவர்கள் தலையில் விழுந்திருக்கிறதாம்.

"அண்ணே, கொரோனா டைம்ல நீங்க ஆன்டிபாடி மெஷினை டெஸ்ட் பண்ணீங்களாமே. எப்படிப் பண்ணணும்னு நம்ம காலேஜ் ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கண்ணே."

எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம். நான் எப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னால்தான் அது முழுதாகும்.

எங்கள் வீடு முகத்துவாரக்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்றவர். எங்கள் வகையறாவில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ இரண்டு வருடம், பயிற்சி ஆறு மாதம், அதற்குப் பிறகு வெள்ளைக் கோட்டு. முதல் நாள் அந்தக் கோட்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, "இன்னா நைனா, டாக்டராவே ஆய்ட்டியா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிரித்து வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோட்டைப் போட்ட பிறகு குப்பத்துப் பேச்சையும் குப்பத்துக் கணக்கையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் லேபுக்குள் போவேன். அதுதான் படித்தவனுக்கு அழகு என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் மாலினி எங்கள் லேபின் தலைவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முடிவு இருக்கும் இடத்தை ஓர் அட்டையால் மூடிக்கொண்டு, நோயாளியின் பெயர், வயது, எந்த வார்டு என்பதை முதலில் படிப்பார். இந்த ஆளுக்கு என்ன வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்ட பிறகே அட்டையை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பென்சில் முனையால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழுந்தால் நாங்கள் ட்யூபைத் தேடி ஓடுவோம். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். நாம் சொல்லும் பதிலை அப்படியே நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த மாதங்கள் அவை. மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் ஸ்வாப் சோதனைதான் கொரோனாவுக்கு. அதை வெளியே அனுப்ப வேண்டும், முடிவு வர இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று நாள். எங்கள் மருத்துவமனையில் இந்தத் தாமதம் அதிகம் அடித்தது டயாலிசிஸ் நோயாளிகளை. காய்ச்சல் உள்ள வீட்டிலிருந்து வருகிறவர்களைப் பொது அறையில் மற்றவர்களோடு படுக்க வைக்க முடியாது. அவர்களுக்குத் தனி அறையில் ஒரே ஒரு மெஷின். அதற்கு முன்னால் வரிசை. ஸ்வாப் முடிவு வருவதற்குள் ஒரு முறை தவறும். ஒரு முறை தவறினாலே கால் வீங்கும், மூச்சு இரைக்கும். இரண்டாவது முறையும் தவறினால் என்ன ஆகும் என்பது ஸ்டீபன் சாருக்குத் தெரியும். அவர் தினமும் மாடியேறி வந்து டாக்டர் அறை வாசலில் நிற்பார்.

"மேடம், ஒரு மணி நேரத்துல சொல்ற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. எனக்கு ஆளுங்க கையைப் பிடிச்சுக்கினு அழறாங்க."

அந்தச் சமயத்தில்தான் மெஷின் வந்தது. கிருமி புகுந்தால் உடம்பு அதற்கு எதிராக ஒரு பொருளைத் தயார் செய்கிறது அல்லவா, அதுதான் ஆன்டிபாடி. ரத்தத்தில் அது இருக்கிறதா என்று மெஷின் தானாகவே பார்த்து ஓர் எண்ணைத் தரும். ஒன்றுக்கு மேல் வந்தால் பாசிட்டிவ், கீழே வந்தால் நெகட்டிவ். சிக்கல் என்னவென்றால், கிருமி வந்த உடனே ஆன்டிபாடி வராது. நாளாகும். எத்தனையாவது நாளிலிருந்து இந்த மெஷினை நம்பலாம்? அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் மதிப்பீடு. டாக்டர் அதை என்னிடம் கொடுத்தார்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில், நோய் இல்லாதவர்களின் ரத்தம் வேண்டும். எங்கள் ஃப்ரீசரில், இந்த நோய் ஊருக்குள் வருவதற்கு முன்பே எடுத்துச் சேமித்த சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர், இருந்தது. அதை எடுத்து, உருக விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி ஓட்டினேன். எல்லாம் நெகட்டிவ், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் மேல் டாக்டரின் பென்சில் புள்ளி விழுந்தது. மூன்று முறை திரும்ப ஓட்டினேன். இன்ஜினியரை வரவழைத்து ஊசிமுனையைக் கழற்றிக் கழுவினோம். இரண்டு நாள் அந்த ஒரு ட்யூபோடு போராடினோம். மெஷினைச் சந்தேகப்பட எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்து, ஸ்வாபில் பாசிட்டிவ் ஆனவர்களின் ரத்தம். ட்யூபை அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தி உறைய விட வேண்டும். பிறகு சுழற்ற வேண்டும். மேலே தெளியும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், சிவந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பார்கோடு வெளியே தெரியும்படி ரேக்கில் நிறுத்த வேண்டும். நாளின் முதல் ஓட்டத்துக்கு முன் கன்ட்ரோல், அதாவது விடை முன்பே தெரிந்த மாதிரி, சரியாக வந்திருக்க வேண்டும். இதில் எதிலும் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: அறிகுறி தொடங்கிய நாள். அதைக் கேட்டு எழுதுவதும் என் வேலை. பந்தலில் ரீட்டா அக்கா ரத்தம் எடுப்பார், பக்கத்தில் நின்று நான் கேட்பேன். "எத்தனை நாளா காய்ச்சல்?" சொன்ன எண்ணைத் தேதியிலிருந்து கழித்து எழுதிக்கொள்வேன்.

ரீட்டா அக்கா ராயபுரத்தில் பிறந்து, மாதா கோவில் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் ரயில்வேயில். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத முகம் குறைவு. ஒரு நாள் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"அஞ்சு நாளாக் கீது சார்."

கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே ரீட்டா அக்கா அவரைப் பார்த்தார். "இன்னா மாமு, அஞ்சு நாளா? போன வாரம் எங்க வூட்டாண்ட பொட்டி தூக்கிக்கினு போனப்பவே மூஞ்சி செவந்து கெடந்துச்சே. இன்னா ஒடம்புன்னு நான்கூட கேட்டேனே?"

"அது சொம்மா சூடு அக்கா. வேலைக்குப் போய்க்கினுதான இருந்தேன். படுத்து அஞ்சு நாளாச்சு."

"பாத்தியா நைனா," அக்கா என் பக்கம் திரும்பினார், "நிக்கிற வரைக்கும் இவனுங்களுக்கு அது சூடு. படுத்தாத்தான் சீக்கு. கூலி போன நாள்லேர்ந்துதான் கணக்கே ஆரம்பிக்கும்."

ஐஸ் பெட்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஐந்து நாளைக் கழித்துப் படிவத்தில் தேதியை எழுதினேன்.

எனக்குத் தெரியாத கணக்கா அது? எங்கள் அப்பாவும் அப்படித்தான். நான் பள்ளியில் படிக்கும்போது அவருக்கு டைபாய்டு வந்தது. டாக்டர் கேட்டதும், "ரெண்டு நாளா" என்றார். அம்மா பின்னாலிருந்து, "இன்னா ரெண்டு நாளு? ஒரு வாரமா அனலாக் கொதிக்குது" என்று சண்டைக்கு வந்தார். "அந்த ஒரு வாரமும் கடலுக்குப் போனேன்ல? அது எப்டிக் காய்ச்சலாவும்?" என்று அப்பா கேட்டார். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். துறைமுகத்திலும் லாரி ஷெட்டிலும் இதேதான். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அல்லது வந்தும், அச்சடித்த படிவத்துக்கு முன்னால் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. எது உண்மை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். அவர்கள் ஆறு, ஏழு என்று சொன்னதெல்லாம் உண்மையில் பத்து, பதினொன்று. பதினோராம் நாள் ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது பெரிய அதிசயம் இல்லை. ஆனால் என் அட்டவணையில் அது ஏழாம் நாள் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கட்டம் முழுக்க, ஒன்றிரண்டைத் தவிர, பாசிட்டிவ்.

அந்த அட்டவணையை வைத்துத்தான் டாக்டர் அறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். இன்ஜினியர் மகிழ்ச்சியாக இருந்தார். ஸ்டீபன் சார் நாற்காலியின் நுனியில் இருந்தார். டாக்டர் அட்டையால் முடிவுகளை மூடிவிட்டு, வழக்கம்போல இடது பக்கத்தை மட்டும் படித்தார். பிறகு அட்டையை எடுத்தார். ஏழாம் நாள் கட்டத்துக்கு மேலே பென்சில் நின்றது.

"இவ்வளவு சீக்கிரமா வருதே. நாள் கணக்கு சரியா, பிரகாஷ்?"

"சரி மேடம். ஒவ்வொருத்தரையும் நானே நேர்ல கேட்டு எழுதினேன்."

நான் பொய் சொல்லவில்லை. நேரில் கேட்டேன், எழுதினேன். பென்சில் ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு புள்ளி வைக்காமல் விலகியது. அதே பென்சிலால் டாக்டர் விதியை எழுதினார்: காய்ச்சல் தொடங்கி ஏழு நாள் ஆனவருக்கு ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வந்தால், அது கொரோனா இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வாபும் எடுக்க வேண்டும். ஆனால் அதன் முடிவுக்காக அவருக்கோ அவர் வீட்டிலிருந்து வருபவருக்கோ டயாலிசிஸை நிறுத்த வேண்டாம், பொது அறையிலேயே செய்யலாம்.

ஸ்டீபன் சார் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் அன்று மாலை நிமிர்ந்துதான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் விதி நன்றாகவே ஓடியது. தனி அறைக்கு முன்னால் வரிசை குறைந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கரீம் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். கல்மண்டபம் பக்கம் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி மும்தாஜ் அம்மாவுக்கு எங்களிடம் திங்கள், வியாழன் டயாலிசிஸ். ஒரே மகன் ஷார்ஜாவில், விமானம் கிடையாது. வீட்டில் இவர்கள் இருவர்தான். கரீம் பாய்க்குக் காய்ச்சல் வந்ததால் வியாழக்கிழமை அந்த அம்மாவுக்குத் தனி அறை வரிசையில் இடம் கிடைக்கவில்லை, ஒரு முறை தவறிவிட்டது. ஆட்டோவுக்குள் அந்த அம்மா, கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட முடியாமல், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடியும் என்ற நிலையில் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் இல்லை.

பந்தலில் கரீம் பாயை உட்கார வைத்தோம். நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார்.

"பாத்துக்கங்க தம்பி. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு ஒரு தடவை, சாயங்காலம் மஃரிப் தொழுதுட்டு ஒரு தடவை, தெர்மாமீட்டர் வெச்சு எழுதியிருக்கேன். செவ்வாக்கிழமை மொத நாள். இன்னிக்கு ஏழு."

கட்டம் போட்ட நோட்டு. முதல் வரியில் செவ்வாய், சுபுஹு, தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கடை திறந்துதான் இருந்திருக்கிறார். இருந்தும் எழுதியிருக்கிறார். ரீட்டா அக்கா எட்டிப் பார்த்து, "பாய், உங்கள மாரி ஒர்த்தரக்கூட நான் பாத்ததில்ல. பேங்க் பாஸ்புக்கு மாரி வெச்சுக்கினு கீறீங்களே" என்றார்.

"என்னா பண்றது சிஸ்டர்? அவ கிட்னிக்கு எழுதி எழுதிப் பழகிப் போச்சு. எவ்ளோ தண்ணி குடிச்சா, எவ்ளோ போச்சு, எல்லாம் இதுல இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இன்னிக்கு அவளை உள்ள விட்டுருவீங்கல்ல?" என்றார்.

நெகட்டிவ். எண் ஒன்றுக்கு வெகு கீழே. ஏழு நாள் ஆகிவிட்டது, விதிப்படி அவருக்குக் கொரோனா இல்லை, அவர் வீட்டுக்கும் தடை இல்லை. நான்தான் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் ஸ்டீபன் சாரிடம் கொடுத்தேன். நான்தான் பந்தலுக்கு வந்து, "உள்ள போலாம் பாய்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடிக்க வந்து, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து, கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். வீல்சேரை அவரே தள்ளிக்கொண்டு பொது அறைக்குப் போனார். அங்கே ஐந்து கட்டில். மும்தாஜ் அம்மாவுடையது ஜன்னல் ஓரம். அடுத்த கட்டிலில் தேவி, எம்.கே.பி. நகரிலிருந்து வரும் தையல்காரப் பெண், இருபத்தாறு வயது. நான்கு மணி நேரம் கரீம் பாய் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை அவருடைய ஸ்வாப் பாசிட்டிவ் என்று வந்தது.

அன்று டாக்டர் மாலினி என்னைக் கூப்பிட்டார். ஒரு கேள்வியை இரண்டாவது முறை அவர் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"நாள் கணக்கை எப்படிக் கேட்டீங்க, பிரகாஷ்? என்ன வார்த்தை சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போதே, ரப்பரைக் கட்டிக்கொண்டு ரீட்டா அக்கா சொன்னது என் காதில் கேட்டது. அதையும் சொன்னேன். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று நாள், படிவத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்தோம். பேசியது ரீட்டா அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது நான். அவர் காய்ச்சல் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

"மாமு, கடைசியா ஒடம்பு ஒயுங்கா இருந்தது எப்போ? சோறு ருசியாத் தின்னது என்னிக்கு? அன்னிக்கு வேல எங்க?"

வேலையைச் சொன்னால் கிழமை வந்துவிடும். எந்த லாரி, எந்தப் படகு, யாருக்குக் கல்யாணம் என்று அவர்களே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். பழைய தேதியை அடித்துப் புதிய தேதியை எழுதிக்கொண்டே போனேன். சிலருக்கு மூன்று நாள் கூடியது, சிலருக்கு ஐந்து. பெரும்பாலும் நான்கு. மூன்றாம் நாள் சாயங்காலம் அட்டவணையைத் திரும்பப் போட்டபோது ஏழாம் நாள் கட்டம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. மிஞ்சிய சிலதிலும் நெகட்டிவ்தான் அதிகம். விதியை அன்றே ரத்து செய்தார்கள். மெஷின் அதற்குப் பிறகும் எங்களிடம் இருந்தது, இரண்டு வாரம் தாண்டியவர்களுக்கு மட்டும். அதற்கு அது நல்ல மெஷின்தான்.

இதற்குள் அந்தத் திங்கட்கிழமைக் காலை அறையிலிருந்து மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவர்களில் பிறகு தேறியவர் ஒருவர்தான்.

மும்தாஜ் அம்மாவுக்கு வீட்டிலேயே கணவரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிறகு ஒரு நாள் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார். அந்த அம்மாவுக்கு அது பொருந்தலாம். தேவிக்குப் பொருந்தாது.

மும்தாஜ் அம்மாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து கரீம் பாய் லேபுக்கு வந்தார். அந்த நோட்டு கையில் இருந்தது. கவுன்ட்டரில் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, செவ்வாய்க்கிழமை வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நான் நாளைத் தப்பா எழுதிட்டேனா? திங்கக்கிழமை ராத்திரியே கொஞ்சம் ஒடம்பு வலி மாதிரி இருந்துச்சு. அதை எழுதல. அதனாலயா?"

"இல்ல பாய். உங்க கணக்கு சரி."

"அப்ப மெஷின் தப்பா?"

"மெஷினும் சரிதான் பாய்."

அவர் காத்திருந்தார். மீதியைச் சொல்ல வேண்டிய இடம் அது. எங்களிடம் வந்தவர்களிலேயே நாளைச் சரியாக எண்ணியவர் நீங்கள், மற்றவர்கள் எண்ணிய கணக்கை நான் உங்கள் மேல் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "டாக்டர் உள்ள இருக்காங்க பாய், அவங்க சொல்வாங்க" என்றேன்.

டாக்டர் சொன்னார். கதவைத் திறந்தே வைத்து, என் பெயரை எடுக்காமல், ஒன்று விடாமல் சொன்னார். "கையெழுத்து என்னுது, பாய்" என்று முடித்தார். வெளியே வந்தபோது கரீம் பாய் என்னிடம் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு இரண்டு மாதம்தான் அங்கே என்னால் வேலை செய்ய முடிந்தது. கல்மண்டபம் வழியாகப் போகும்போது இப்போதும் எதிர்ப்பக்கத்து நடைபாதையில்தான் போகிறேன். பிள்ளைகளே, அவரிடம் சொல்லாததை உங்கள் மலரில்தான் முதல்முறையாக எழுதுகிறேன். அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, இந்த முறை அவர் கடைப் பக்கமாகவே போவேன்.

உங்கள் மெஷினைப் பற்றி எனக்குப் பயமில்லை. கன்ட்ரோல் பாருங்கள், திரும்ப ஓட்டுங்கள், ஊசிமுனையைக் கழுவுங்கள், அது சொல்லிவிடும். படிவத்தில் கையால் எழுதும் கட்டம் எது என்று முதலில் பாருங்கள். அதை யார் கேட்டார், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்று பாருங்கள். ரத்தம் எடுக்கிறவரை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கழித்துக் கழித்துத் தேதி எழுதியவன், கடைசிக் கழித்தலையும் எழுதிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை பொது அறையில் ஐந்து பேர். ஜன்னல் ஓரக் கட்டில் ஒன்று, அடுத்தது ஒன்று. ஐந்தில் இரண்டு போக, மூன்று.